கட் குமிழின் மகிமை

மாலை ஐந்து மணிக்குக் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்தில், நாற்காலிகள் இன்னும் அடுக்கடுக்காகச் சுவரோரம் நிற்க, மேடையின் ஓரத்தில் வைத்த வாக்ஸ் ஏசி30 ஆம்பின் வால்வுகள் சூடேறிச் செவ்வொளி காட்டத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷங்களைப் போல எனக்கு ஆனந்தம் தரும் நேரம் வேறொன்றில்லை. தூசி சூடாகும் மெல்லிய வாசனை வரும். ஈ மேஜர் கார்டு ஒன்றைத் தட்டினால், ஓசை எதிர்ச்சுவரில் மோதிக் கண்ணாடிச் சில்லுகளாகத் திரும்பி வந்து விழும். அப்போது நான் ட்ரெபிளையும் தொடுவதில்லை, பேஸையும் தொடுவதில்லை. கட் குமிழைப் பாதிக்கு மேல் வலப்பக்கம் திருப்புகிறேன். சில்லுகளின் முனை மழுங்கி நாதம் வட்டமாகிறது. இரவு எட்டு மணிக்கு மண்டபம் நிறைந்து, வந்தவர்களின் உடலும் உடையும் ஓசையின் கூர்மையை உறிஞ்சிக்கொண்ட பிறகு, அதே குமிழைக் கொஞ்சங் கொஞ்சமாக இடப்பக்கம் மீட்டுக்கொண்டு வருகிறேன். 25 ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் வாசித்து நான் கற்றுக்கொண்டதன் சாரம் இந்த ஒரு திருப்பத்தில் அடங்கிவிடும்.

மற்றக் குமிழ்களெல்லாம் ஓசைக்கு எதையோ கூட்டித் தருவதாகவே கைக்குத் தோன்றும். கட் ஒன்றுதான் கழிப்பதற்கென்றே வைக்கப்பட்டது. ட்ரெபிளும் பேஸும் சிக்னல் இளசாக இருக்கும்போதே அதை வளைத்துவிடுகின்றன. இதுவோ, சிக்னல் இரண்டாகப் பிரிந்து நான்கு ஈஎல்84 வால்வுகளின் வாசலுக்கு வந்து நிற்கும் சமயத்தில், பழுத்த நாதத்தின் ஓரத்திலுள்ள கூர்மையை மட்டும் சீவி எடுக்கிறது. வெளியீட்டுப் பகுதியை அடக்கிவைக்கும் எதிர்ப்பின்னூட்டம் இந்த ஆம்பில் கிடையாது. அதன் மேல்ஸ்தாயி இவ்வளவு தாராளமாகப் பொங்குவதற்கும், இப்படி ஒரு குமிழ் அவசியமாவதற்கும் அதுவே காரணம். ஏசி30 காதைக் கீறுகிறது என்று குறை சொல்லும் நண்பர்கள், ட்ரெபிளையும் பேஸையும் ஒருங்கே உச்சிக்கு ஏற்றி, நடு ஸ்தாயியை வற்றவிட்டு, கட் குமிழை மறந்துபோனவர்கள் என்பது என் அபிப்பிராயம். ஃபெண்டர் ட்வின் ரிவெர்பின் பளிங்குத் தெளிவை நேசிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஓங்கி வாசித்தாலும் அது எளிதில் கலங்காது. ஆனால் கலங்குவதிலும் ஓர் அழகு உண்டு. விரல் அழுத்தினால் ஆம்ப் ஒரு கணம் இளகிக் கொடுத்து, ஸ்வரம் சற்றே பின்வாங்கி மலர்கிறதே, அந்த மலர்ச்சிக்காகத்தான் 30 கிலோவுக்கு மேற்பட்ட இந்தப் பாரத்தை ஊர் ஊராகச் சுமக்கிறேன்.

இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டில், டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த 15 வாட் ஆம்ப், ஷேடோஸ் குழுவின் கச்சேரிகளில் இளம் ரசிகர்கள் எழுப்பிய கூச்சலுக்கு ஈடுகொடுக்க முடியாமற் போகவே, 1959ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பலத்தை இரட்டித்துப் பிறந்தது ஏசி30. டாப் பூஸ்ட் என்று நாம் கொண்டாடும் அமைப்பு, 1960களின் தொடக்கத்தில் பின்பக்கத்தில் தனியாகப் பொருத்திக்கொள்ளும் சேர்க்கையாகத்தான் வந்தது. பிறகு கூட்டம் ஆம்பையும் மிஞ்சியது. 1965ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கு மேற்பட்டவர்கள் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, பின்னால் நின்றவை வாக்ஸின் 100 வாட் ஆம்புகள். குரலுக்கோ மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளே கதி. அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. ஆம்பின் பலம் மட்டும் கூட்டத்தை எட்டாது, நல்ல மைக்செட்டும் வேண்டும். ஆகவே மைக்செட்காரரைக் கிட்டாரிஸ்டின் எதிரியாக நினைப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. "சார், ஆம்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கும். நான் ஆம்பை முன்வரிசைக்கு நேராக வைக்காமல், மேடைக்குக் குறுக்காக, சற்றே சாய்த்து என் காதைப் பார்க்க வைத்து, அவருடைய மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை விலக்கி நிறுத்தச் சொல்வேன். இருவருக்கும் நல்லது.

இந்த ஆம்பின் உபாசகர்களில் என் மனம் பிரையன் மேயிடமே போய் நிற்கிறது. தந்தையோடு சேர்ந்து தாமே செய்த கிட்டார், பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயம், பின்னால் முழு வால்யூமில் ஏசி30கள். பிறகு மெலிந்த நாதமும் கர்ஜனையும் எல்லாம் கிட்டாரின் வால்யூம் குமிழிலேயே. பெடல்களின் வரிசையை மிதித்துக்கொண்டே இருக்கும் வாசிப்பைவிட, சுண்டுவிரல் ஒரு குமிழைத் தேடிப் போகும் அந்த வாசிப்பில் கலைஞன் தன் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

ஆம்பின் ஓசையை டிஜிட்டல் முறையில் போலச்செய்யும் மாடலர்களைப் பற்றி நம்மவர் சொல்லும் குறைகளில் பாதி நிற்காது. மொச்சைக்கொட்டை வடிவில் லைன் 6 பாட் 1998ஆம் ஆண்டு வந்தபோது இருந்த நிலை வேறு. அசல் ஆம்பையே படியெடுத்துக்கொள்ளும் கெம்பர் 2011ஆம் ஆண்டு வந்த பிறகு நிலை வேறு. தாமதமாக ஒலிக்கிறது என்கிறார்கள். ஓசை காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்டு ஆகிறது. ஆம்புக்கு 3 மீட்டர் தள்ளி நிற்பவனை 9 மில்லி செகண்டு கழித்தே அவன் நாதம் வந்தடைகிறது. நல்ல மாடலர் எடுத்துக்கொள்ளும் நேரம் அதற்கும் குறைவு. ஓர் இரவில் 25 பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை என்று வாசிக்கவேண்டிய மெல்லிசைக் கிட்டாரிஸ்டுக்கு அது பெரிய சௌகரியம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அது தருவது ஆம்ப் அறையில் ஒலிக்கும் ஓசையை அன்று, ஸ்பீக்கரின் எதிரே வைத்த மைக் கேட்ட ஓசையை. மண்டபத்து ரசிகர் என்றைக்குமே அதைத்தான் கேட்டார். வாசிப்பவன்தான் முதுகில் வந்து மோதும் காற்றை இழந்தான்.

என் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. சில காலத்துக்கு முன் ஒரு கடற்கரை ஊரின் கோயில் திருவிழாவில், என்னோடு இரண்டாவது கிட்டார் வாசித்த தம்பி, வீட்டில் ஹெட்போனோடு பல இரவுகள் உட்கார்ந்து இழைத்த பிரீசெட்டுகளைக் கொண்டுவந்திருந்தான். திறந்த வெளி, சுவர் கிடையாது, எதிரே ஊர் முழுதும் கூடியிருந்தது. அவனுடைய முதல் சோலோ கீபோர்டின் அடியில் புதைந்துபோயிற்று. இடைவேளையில், "அண்ணே, ரூம்ல அவ்வளவு நல்லா இருந்துச்சே, இங்க எங்க போச்சு?" என்றான், கண் கலங்க. பிரீசெட்டைத் திறக்கச் சொன்னேன். ஏசி30 மாதிரிதான், அதில் கட் குமிழும் இருந்தது, ஹெட்போனின் கூச்சத்துக்குப் பயந்து முக்கால் திருப்பு ஏற்றி வைத்திருந்தான். "தம்பி, இதை முழுசா இடப்பக்கம் கொண்டு வா, பேஸைக் கொஞ்சம் இறக்கு" என்றேன். அடுத்த பாட்டில் அவனுடைய சோலோ மைதானத்தின் கோடிவரை போயிற்று. குறை கருவியில் இல்லை. முடிந்துபோன ஓசையைப் பெட்டியில் பூட்டிக் கொண்டுவந்து எந்த இடத்திலும் அப்படியே அவிழ்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தது.

என் சிறுவயதில் சபாக் கச்சேரிகளில், தம்புராவின் குதிரையில் நூலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பாடகரின் முகத்தைப் பார்த்து, மீண்டும் நகர்த்திச் சுருதி சேர்த்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று பல மேடைகளில் சுருதிப் பெட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுருதி தவறுவதில்லை, ஆனால் கச்சேரி தொடங்குமுன் எல்லோரும் மௌனமாகக் காதைத் தீட்டிக்கொண்ட அந்தப் பத்து நிமிஷம் போய்விட்டது. கிட்டாரிலும் அதே நஷ்டம்தான் நேர்ந்துகொண்டிருக்கிறது. வால்வு ஆம்பில் நேற்றைய ஓசையைச் சேமித்து வைக்க வழியில்லாததால், ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது.

இளம் வித்வான்களுக்கு ஒரு விண்ணப்பம். மாடலரோ ஆம்போ, கைக்கு எட்டியதைக் கொண்டுவாருங்கள். மைக் பரிசோதனையின்போது ஒரு முறை மேடையிலிருந்து இறங்கிக் கடைசி வரிசையில் நின்று உங்கள் ஓசையைக் கேளுங்கள். கூட்டம் நிறைந்த பிறகு, முதல் பாட்டு முடிந்ததும், கட் குமிழை மறுபடியும் ஒரு முறை தொடுங்கள்.