அபராதம் யாரைத் திருத்தியது?

கசிப்பு வழக்கில் அகப்படும் ஊவாத் தோட்டத் தொழிலாளிக்கு நீதிமன்றம் அபராதம் விதிக்கிறது. கட்ட வழியில்லையேல் பதுளைச் சிறை. இலங்கைச் சிறைகளில் தண்டனை பெற்று வந்தோரில் பெரும்பகுதியினர் அபராதம் கட்ட முடியாதவர்களே. இதனால் திருந்தியவர் யார்?

1989இல் மயாமியில் தோன்றிய போதைப்பொருள் நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சையை விதித்தது. நீதிபதியே தொடர்ந்து கண்காணித்தார். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2012ஆம் ஆண்டு ஆய்வு, இத்தகைய மன்றங்களால் மறுகுற்றம் நூற்றுக்கு 50 என்றிருப்பின் 38 ஆகக் குறையும் எனக் கணித்தது. கசிப்பு வேறு, போதைப்பொருள் வேறுதான்; பழக்கத்தின் பிடி ஒன்றே.

நம்மிடமும் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் உண்டு. நல்ல சட்டமே. ஆயினும் ஊதியமற்ற சமுதாய வேலைக்குச் செல்லும் நாளில் மீரியபெத்தத் தொழிலாளிக்குத் தோட்டத்தில் பேர் விழாது. அந்த நாட்கூலியை ஈடுசெய்வது யார்? கட்டளையை அவனுக்குத் தமிழில் விளக்குபவர் யார்?