ஊர் பேர் தெரியாத பகி

இந்த வண்டியில் கம்பெனி பேட்ஜ் கிடையாது. மூக்கில் ஒன்று இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஓட்டைகள் உண்டு, அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் கலிஃபோர்னியாவில் ஃபைபர்கிளாஸ் வேலை தெரிந்தவர்கள் பலர் மணல்மேட்டில் ஓட்டும் டூன் பகிக்குப் பாடி வார்த்து விற்றார்கள். அப்படி யாரோ வார்த்த ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைப் பார்த்தால் 1968 ஃபோக்ஸ்வாகன் என்கிறது. பொய்யில்லை. தரைத்தகட்டின் நடுவே ஓடும் டன்னலின் பின்பக்கம், துருவைச் சுரண்டினால் 118 என்று தொடங்கும் சேஸிஸ் எண் தெரிகிறது. 1968 பீட்டிலுக்கு உரிய எண் அது. கீழே ஜெர்மன், மேலே அநாமதேயம்.

இந்த ஜாதி வண்டிகளுக்கெல்லாம் மூலவர் மேயர்ஸ் மேங்க்ஸ். புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸ் படகு கட்டிப் பழகிய கைக்காரர். பிஸ்மோ கடற்கரை மணல்மேடுகளில் கனத்த வண்டிகள் புரள்வதைப் பார்த்தவர், 1964-இல் நியூபோர்ட் பீச்சில் தன்னுடையதைக் கட்டினார். முதல் 12 வண்டிகளுக்குத் தனியாகச் சேஸிஸ் இல்லை, பாடியே எல்லாவற்றையும் தாங்கியது. அந்த முறையில் செலவு கட்டுபடியாகவில்லை. பீட்டிலின் தரைத்தகட்டை வெட்டிக் குட்டையாக்கி, அதன்மேல் பாடியைக் கவிழ்க்கும் வழிக்கு மாறினார். 1967-இல் அவருடைய முதல் வண்டி டிஹுவானாவுக்கும் லா பாஸுக்கும் இடைப்பட்ட பாலைவனத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து சாதனை வைத்ததும் ஆர்டர்கள் குவிந்தன. கூடவே நகல்களும் குவிந்தன. காப்புரிமை வழக்குப் போட்டுத் தோற்றார். அந்தத் தோல்வியின் வாரிசுகளில் ஒன்றுதான் என் கொட்டகையில் நிற்கிறது.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் 'ஒரிஜினல்' என்று உயிரை விடுவார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாடி ஒருவருடையது, எஞ்சின் இன்னொருவருடையது, விளக்குகள் கைக்குக் கிடைத்தவை. பிறக்கும்போதே ஒப்பேற்றிப் பிறந்த வண்டி. அதில் எந்த ஒப்பேற்றலை விட்டுவைப்பது, எதைப் பிடுங்கி எறிவது என்பதுதான் வேலையே. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: பாரம் தாங்குவது, சூடேறுவது, வண்டியை நிறுத்துவது, தீப்பிடிக்கக்கூடியது, இந்த நான்கும் தொழிற்சாலை சொன்ன அளவில் இருந்தாக வேண்டும். மிச்சமெல்லாம் வந்தபடியே இருக்கட்டும்.

தரைத்தகட்டிலிருந்து ஆரம்பிப்போம். மேயர்ஸ் காட்டிய அளவுப்படி அதில் பதினாலேகால் அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டும். வெளியே ஒரு வெல்டிங் கோடுதான் தெரியும். ஆனால் டன்னலுக்குள் கியர் ராடு, கிளட்ச் கேபிள் ஓடும் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஓடும் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. அத்தனையையும் அதே அளவு குறைத்தாக வேண்டும். கியர் ராடு உள்ளே கூடான குழாய். அதை வெட்டி ஒட்டியபோது யாரோ சில டிகிரி திருப்பி வெல்டு வைத்துவிட்டார்கள். விளைவு, ரிவர்ஸ் கியர் விழவே விழாது. ராடை முன்பக்கமாக உருவித்தான் எடுக்க முடியும், குறுக்கே ஃபைபர்கிளாஸ் மூக்கு மறிக்கும். இதற்காகவே யாரோ மூக்கில் வட்டமாக ஓட்டை போட்டு, படகில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியைத் திருகி வைத்திருந்தார்கள். பார்க்க அசிங்கம். ஆனால் அந்த வாசல் இல்லாவிட்டால் பாடியையே தூக்க வேண்டும். மூடியை அப்படியே விட்டேன்.

கிளட்ச் கேபிளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பீட்டிலின் முழுநீளக் கேபிளை மடக்கி, கம்பிவடத்துக்குப் போடும் யு வடிவ கிளாம்ப் வைத்து இறுக்கியிருந்தார்கள். கால் வைத்து மிதிக்கிற இடத்தில் அப்படி ஒரு முடிச்சை நம்பக்கூடாது. பகிக்கென்றே குட்டைக் கேபிள் விற்கிறார்கள், வாங்கிப் போட்டாயிற்று. பிறகும் வண்டி கிளம்பும்போது உதறியது. காரணம், கேபிளின் பின்முனையை மூடியிருக்கும் வளையும் குழாய். அது 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொய்ந்து தொங்க வேண்டும் என்பது ஃபோக்ஸ்வாகன் கணக்கு. இங்கே நேராக நின்றது. முனையில் இரண்டு வாஷர் சேர்த்ததும் தொய்வு வந்தது, உதறல் போயிற்று.

எஞ்சின் 1500 சிசி, காற்றில் குளிரும் நான்கு சிலிண்டர். திறந்த வண்டி, எஞ்சினும் வெளியே தெரிகிறது, காற்றுக்கு என்ன குறை என்று தோன்றும். அந்த நினைப்புதான் பல பகி எஞ்சின்களுக்கு எமன். ஃபேன் மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் அடித்து, கீழே தள்ளுகிறது. கீழே போன சூடான காற்று மறுபடி மேலே ஏறாமல் சுற்றிலும் தகடுகளும் ரப்பர் விளிம்புகளும் அடைத்து நிற்க வேண்டும். பகி கட்டுகிறவர்கள் கழற்றி வீசுகிற முதல் சாமான் இந்தத் தகடுகள்தான். என் வண்டியில் பாதி காணோம். காணாமல்போன ஒன்றுக்குப் பதில் 'நோ பார்க்கிங்' பலகையை வெட்டி வளைத்து மாட்டியிருந்தார்கள், எழுத்து உள்பக்கமாக. ஹீட்டர் பெட்டிகளையும் கழற்றியிருந்ததால், ஃபேன் உறையிலிருந்து அவற்றுக்குக் காற்று போகும் இரண்டு வாய்களும் சும்மா திறந்து கிடக்கும். சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அந்த வழியே வீணாகும். அந்த வாய்களில் இரண்டு டென்னிஸ் பந்துகளை அடைத்திருந்தார்கள். கோட்பாட்டளவில் சரிதான், பந்துகள் மட்டும் வெந்து கருகிப் போயிருந்தன. உலோக மூடி வாங்கி மாட்டினேன்.

மூன்றாம் சிலிண்டரின் கதை தனி. அந்தக் கால உறையில் ஆயில் கூலர் அந்தப் பக்கத்துக் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால் அந்த சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். ஃபோக்ஸ்வாகனுக்கே இது தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சற்றுத் தாமதித்து விடும்படி வைத்திருந்தார்கள். 1971 மாடலில் கூலரைக் காற்றுப் பாதையிலிருந்து நகர்த்தினார்கள். அந்த மாடல் உறையையும் அதற்கு வேண்டிய அகலமான ஃபேனையும் இதில் ஏற்றிவிட்டேன். தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். கம்பெனி பெயரே இல்லாத வண்டியில் தூய்மைக்கு என்ன வேலை?

கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. துணி சுற்றிய பழைய ரப்பர் ஹோஸ், நடுவில் பிளாஸ்டிக் ஃபில்டர், அது நேராக டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேல் தொங்கியது. இங்கே கலிஃபோர்னியாவில் பம்பில் வரும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், பழைய ரப்பரை அது அரித்துவிடும். சூடான எஞ்சின், பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், மேலே ஒழுகும் பெட்ரோல். இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஹோஸ் முழுவதும் புதிது, ஃபில்டர் டேங்குக்குப் பக்கத்தில்.

ஒயரிங்கில்தான் பொறுமை கரைந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் விளக்கு மினுங்கும், ஹெட்லைட்டைப் போட்டால் ஹாரன் அடங்கும். பீட்டிலில் இரும்பு பாடியே எர்த். விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் போனால் போதும், மின்சாரம் பாடி வழியே திரும்பிவிடும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. எர்த் கிடைக்காத விளக்கு, பக்கத்து விளக்கின் வழியே நுழைந்து திரும்பப் பார்க்கும். யாரோ இழுத்திருந்த ஸ்பீக்கர் ஒயரையும் துணி நாடாவையும் மொத்தமாக உருவி எறிந்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி எர்த் ஒயர் இழுத்துச் சேஸிஸில் முறுக்கியதும் பேய் ஓடிவிட்டது. பின்னால் இருப்பவை டிரெய்லருக்குப் போடும் விளக்குகள், ஜோடியில் ஒன்று கொஞ்சம் பெரிது. அவை இருக்கட்டும்.

உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. பீட்டிலை 2003 வரை மெக்சிகோவில் செய்தார்கள், உலகெங்கும் செய்தவை மொத்தம் 2 கோடியே 15 லட்சம் வண்டிகள். காயலான் கடையில் கிடைக்காதது புதிதாகவே கிடைக்கும். முன் கண்ணாடி உடைந்திருந்தது. அது தட்டைக் கண்ணாடி என்பதால் கண்ணாடிக் கடைக்காரர் லேமினேட்டட் கண்ணாடியில் வெட்டிக் கொடுத்துவிட்டார். இப்படிப் பாடியைத் தனியாக வாங்கிக் கட்டிய கிட் காரில் வளைந்த கண்ணாடி என்றால், எந்தக் காரிலிருந்து எடுத்தார்கள் என்று துப்பறிவதிலேயே காலம் போய்விடும். வாங்குமுன் இதைப் பாருங்கள்.

ஓட்டினால் எப்படி? பீட்டில் 800 கிலோவுக்கு மேல். இது ஏறக்குறைய முக்கால் பங்குதான். 53 குதிரைத்திறனே இரண்டாம் கியரில் முதுகை சீட்டில் அழுத்துகிறது. ஸ்டியரிங் பூப்போலத் திரும்பும். அதே காரணத்தால் பிரேக்கில் ஆபத்தும் உண்டு: முன்பக்கம் பாரமே இல்லை, பீட்டிலின் எடைக்கு அமைத்த பிரேக், அழுத்தி மிதித்தால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். காலை மெல்ல வைக்கப் பழக வேண்டும். பின்பக்கம், பாடி எடை குறைந்ததால், ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களின் கீழ்ப்பக்கத்தை உள்ளே இழுத்துவிடும். அந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்புறம் உதைக்கும். இதைச் சரிசெய்வது நல்ல மூளை வேலை. பாரின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. இரண்டு முனையையும் ஒவ்வொரு பல் எதிரெதிராக நகர்த்தினால் கோணம் ஒரு டிகிரிக்கும் குறைவாக மாறும். அப்படி நகர்த்தி நகர்த்திச் சக்கரம் நேராக நிற்கும்வரை இறக்கினேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர்வரை சுகம். அதற்குமேல் பேச்சும் கேட்காது, கண்ணும் திறக்காது.

தினசரி அலுவலகம் போக இது ஆகாது. பூட்டக் கதவில்லை, மழைக்குக் கூரையில்லை. ஸ்பேனர் பிடிக்கப் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எஞ்சின் நான்கு போல்ட்டில் கழன்று கீழே வரும், புகைச் சோதனை கூட 1975-க்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு இங்கே இல்லை. வாங்குவதானால் பாடியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். படுத்து வெல்டிங் கோட்டைப் பாருங்கள், சேஸிஸ் எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள், எஞ்சினைச் சுற்றித் தகடுகள் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். தகடு இல்லாத வண்டிக்கு எஞ்சின் வேலைச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

என்னுடையதில் பாக்கி வைப்பர் மோட்டார் மட்டும். மோட்டார் கிடைத்துவிடும். அதை மாட்ட டாஷ்போர்டுக்குப் பின்னால் இடம் இல்லை, அங்கே யாரோ படகின் ஃப்யூஸ் பெட்டியை வைத்துவிட்டார்கள், அதுவோ ஒழுங்காக வேலை செய்கிறது.