திரைக்குப் பின்னால் யார்?

மண்ணூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் பையன்களில் பலர் படுக்கும்வரை கைப்பேசியில் விளையாடுகிறார்கள். வாள், மந்திரம், டிராகன் என்று மாய உலகங்கள். சண்டை இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். கதைதான் எளிதில் பிடிபடாது. எந்த அரச வம்சம், யார் இட்ட சாபம், எப்போதோ நடந்த எந்தப் போர் என்று முதல் பத்து நிமிடத்திலேயே பெயர்களைக் கொட்டிவிட்டால் புதியவன் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவான்?

இதே வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடக்கும் கூத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மகாபாரதம் 18 பருவங்கள் கொண்ட கடல். பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை கூத்து. பல நாள் கதை நடந்து, கடைசியில் படுகளம், தீமிதி. எல்லா நாளும் வந்து உட்காருகிறவர்கள் சிலர்தான். வேலைக்கு வந்த இடத்தில் மத்தளச் சத்தம் கேட்டு நடு ராத்திரியில் எட்டிப்பார்க்கிறவனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். அவனையும் சேர்த்துக்கொண்டுதான் கூத்து நடக்கிறது.

எப்படி என்பதைத் திரைப் பிரவேசத்தில் பார்க்கலாம். துரியோதனன் வரப்போகிறான் என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நிற்கிறார்கள். முகவீணை இழைகிறது, மத்தளம் ஏறுகிறது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் மினுங்குகிறது. கீழே சலங்கை கட்டிய கால்கள். உள்ளிருந்தே அவன் பாடத் தொடங்குகிறான், அதுவும் தன்னைப் பற்றியே, வேறு யாரையோ சொல்வதுபோல. குலம், ஆட்சி, வீரம் எல்லாம் பாட்டிலேயே வந்துவிடுகின்றன. முகம் இன்னும் தெரியவில்லை. பார்க்கிறவனுக்கு ஆவல் முற்றிய பிறகுதான் திரை விலகுகிறது. தகவலை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆளைக் காட்டுவது எத்தனையோ கதைகளில் உண்டு. ஆனால் ஆளைப் பாதி காட்டி, மீதியைக் கேட்கிறவனே ஏங்கிக் கேட்கும்படி வைப்பது தனி வித்தை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இப்படி வருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். நூறு கௌரவர்களையும் யாரும் வரிசையில் நிறுத்துவதில்லை.

திரை விலகியதும் கட்டியக்காரன் முன்னால் வந்து நீங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்கிறான். அரசவைச் சேவகனுக்குத் தன் ராஜாவைத் தெரியாதா? தெரியும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறவன் பக்கத்து ஆளிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைத்தான் அவன் வாங்கிக் கேட்கிறான். ராஜா இலக்கணத் தமிழில் பாட்டாகப் பதில் சொல்கிறார். பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள். முதல் தடவை காதில் நழுவியது இரண்டாம் தடவை தங்குகிறது. பிறகு வசனம். கடைசியில் கட்டியக்காரன் அதையே தெருப் பேச்சில் போட்டு உடைக்கிறான். ஒரே செய்தி இத்தனை படி இறங்கி வருகிறது. யாருக்கு எந்தப் படி எட்டுகிறதோ அங்கே ஏறிக்கொள்ளலாம்.

விளையாட்டு செய்கிறவர்களில் சிலர் இந்த வழியைத் தொட்டிருக்கிறார்கள். 2020-இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியண்ட் எபிக்' விளையாட்டில், அக்கா தம்பி கதையைத் துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொண்டே சொல்கிறார்கள். வழியில் சுவரோவியங்களுக்கு முன் நின்றால் புராணக் கதைகள் கிடைக்கும். ஒருவர் சொல்ல, மற்றவர் குறுக்கே பேச, நாம் கேட்டுக்கொள்கிறோம். புராணம் அறியாத வெளிநாட்டுக்காரரும் உள்ளே வர இது நல்ல வாசல். 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' வேறு வழி போகிறது. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அதன் உலகத்துக்குப் பழங்கதை எழுதிக் கொடுத்தார். ஆனால் அதில் பெரும்பகுதி வாள், மோதிரம், கவசம் போன்ற பொருள்களின் குறிப்புகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. தேடிச் சேர்க்கிறவர்களுக்கு அது பேரின்பம்தான். ஆனாலும் அந்த உலகத்தில் ஒரு கட்டியக்காரன் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திரையும் கட்டியக்காரனும் பாரதத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து தொலைவில் இல்லாத புரிசையில், கண்ணப்ப தம்பிரான் பரம்பரைக் குழுவினர் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்வெஸின் கதையையும்கூடக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள்.

இத்தனை விளக்கம் இருந்தும் ஏற்கெனவே கதை தெரிந்தவர்கள் சலிப்பதில்லை. முன்வரிசைக் கிழவிகளுக்குத் துரியோதனனின் குலம் கோத்திரம் தலைகீழ்ப் பாடம். அவர்கள் காத்திருப்பது கட்டியக்காரன் இந்த வருடம் அதை எப்படிக் கேட்கப்போகிறான் என்பதற்காக. அஸ்தினாபுரத்து அரசனிடம் அவன் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பான், ஓவர்டைம் உண்டா என்பான், காண்டிராக்ட் ஆளா நிரந்தரமா என்பான். ராஜா கோபத்தில் தன் பெருமையை மறுபடி முழுதாக எடுத்து விடுவார். கிழவிகள் சிரிக்கிறார்கள், ஓரத்தில் நிற்கும் புதியவனுக்கு, வந்திருப்பவன் யார் என்று அதே நொடியில் விளங்கிவிடுகிறது.