பங்குனி ஆமை அழுவதில்லை

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வெளிநாட்டு இயற்கை ஆவணப்படம் ஒன்றிலிருந்து நான்கு நிமிடக் காட்சியை ஒலியில்லாமல் திரையிட்டேன். இரவுக் கடற்கரை. ஆமை ஒன்று ஊர்ந்து வருகிறது, பின்துடுப்புகளால் மணலைத் தோண்டுகிறது, முட்டையிடுகிறது, குழியை மூடிவிட்டுத் திரும்பிப் போகிறது. நடுவில் அதன் முகம் அண்மைக் காட்சியில் வருகிறது. கண்ணோரம் கெட்டியாக நீர் வழிகிறது. "தமிழ்த் தொலைக்காட்சிக்கு இதற்கு ஒரு வர்ணனை எழுதுங்கள்" என்றேன்.

ஏறக்குறைய எல்லோரும் அந்தக் கண்ணீரில் போய் நின்றார்கள். 'தாய்மையின் வலி', 'பெற்றவளின் தியாகம்', 'பிள்ளைகளைப் பிரியும் தாயின் கதறல்'. தாய்மையைப் புனிதமாக்குவது பற்றிய பெண்ணிய விமர்சனத்தைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குச் சரியாக எழுதுகிற பெண்கள் இவர்கள்.

கடலாமை அழுவதில்லை. உப்புநீரில் வாழும் உடல், மிகுதியான உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது நடக்கிறது. கரைக்கு வந்தால்தான் நமக்குத் தெரிகிறது. முட்டையை அது அடைகாப்பதில்லை, குஞ்சு பொரிக்கும்வரை காத்திருப்பதுமில்லை. அப்படியென்றால் அந்தக் கதறலை என் மாணவிகள் எங்கே கேட்டார்கள்?

அவர்கள் வளர்ந்த வீட்டுக்கூடத்தில்தான். டிஸ்கவரி 2011இல் தமிழுக்குத் தனி அலைவரிசையே தொடங்கியது. நேஷனல் ஜியோகிராபிக், அனிமல் பிளானட் ஆகியவையும் தமிழ் பேசின. அந்தத் தமிழைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆங்கிலம் அறியாத என் அம்மாவுக்குத் துருவக் கரடியை அறிமுகப்படுத்தியது அந்தத் தமிழ்தான். அதனால் கேலியை விட்டுவிட்டு, அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம்.

திரைப்படத்தை மொழிமாற்றுகிறவருக்கு உதட்டசைவு ஒரு விலங்கு. நடிகரின் வாய் மூடும் இடத்தில் மூடுகிற சொல்லைத் தேட வேண்டும். இயற்கைப் படத்தில் அந்தக் கட்டு இல்லை. இசையும் பிற ஒலிகளும் தனித் தடத்தில் இருக்கும். வர்ணனையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பேசலாம். நேர அளவு ஒன்றுதான் வரம்பு. சிங்கத்துக்கு உதட்டசைவு கிடையாது. ஆகவே 'காட்டு ராஜா' என்பதும் 'தியாகத் தாய்' என்பதும் மொழிபெயர்ப்பாளர் வேறு வழியின்றி எழுதியவை அல்ல. விரும்பித் தேர்ந்தெடுத்தவை. கைவசம் எந்தக் குடும்பக் கதை இருக்கிறதோ, அது விலங்கின் வாயில் ஏறிவிடுகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய நோயல்ல. பிரெஞ்சு இயக்குநர் லூக் ஜாக்கேயின் பெங்குவின் படம் 2005இல் வெளிவந்தது. பிரெஞ்சு மூலத்தில் ஆண் பறவை, பெண் பறவை, குஞ்சு மூன்றும் தன்மையில் பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அமெரிக்காவுக்குப் போனபோது அந்தக் குரல்களை நீக்கிவிட்டு மார்கன் ஃப்ரீமேனின் ஒற்றை வர்ணனையை வைத்தார்கள். எமிலி சிமோன் அமைத்த இசையும் மாற்றப்பட்டது. அந்தப் பதிப்பைப் பார்த்த அமெரிக்கப் பழமைவாதிகள் சிலர், குடும்ப விழுமியங்களுக்குச் சான்று என்று அதைக் கொண்டாடினார்கள்.

பேரரசப் பெங்குவினின் வாழ்க்கையோ அந்தக் கொண்டாட்டத்துக்கு ஒத்துவராதது. முட்டையிட்டதும் அதை ஆணின் காலடியில் ஒப்படைத்துவிட்டுப் பெண் கடலுக்கு இரை தேடிப் போகிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் ஆண் பட்டினியாக நின்று அடைகாக்கிறது. பறவைக்கு மனிதக் குரல் கொடுப்பது நல்லதா என்று வாதிடலாம். பிரெஞ்சு மூலம் சில இடங்களில் எனக்கும் திகட்டியது. ஆனாலும் வேலைக்குப் போகிற ஒரு பெண் தன் பயணத்தைத் தானே சொல்லும் இடம் அதில் இருந்தது. கடல் கடந்தபோது அந்த இடம் போய்விட்டது.

குரலை மாற்றினால் போதுமா? 'பிளானட் எர்த்' தொடரின் அமெரிக்கப் பதிப்பைச் சிகர்னி வீவரும், 'லைஃப்' தொடரின் அமெரிக்கப் பதிப்பை ஓப்ரா வின்ஃப்ரேயும் பேசினார்கள். தமிழிலோ 'வைல்டு கர்நாடகா'வுக்குப் பிரகாஷ் ராஜ், 'வைல்டு தமிழ்நாடு'க்கு அரவிந்த் சாமி. காட்டைப் பற்றி அறிவு சொல்ல ஆண் தொண்டைதான் வேண்டும் என்ற பழக்கம் இங்கே இன்னும் உடையவில்லை. அது உடையட்டும். ஆனால் 'தியாகத் தாய்' என்ற வாக்கியத்தை ஒரு பெண் வாசிப்பதால் மட்டும் அது வேறு வாக்கியமாகிவிடாது. யார் வாசிக்கிறார்கள் என்பதோடு, யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதும் கேள்வி.

அன்று வகுப்பில் எண்ணூரிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் தாளைக் கொடுக்கத் தயங்கினாள்.

"மேடம், நான் தப்பா எழுதிட்டேன்னு நினைக்கிறேன். எல்லாரும் ஆலிவ் ரிட்லின்னு போட்டிருக்காங்க. எங்க ஆயா இதைப் பங்குனி ஆமைன்னுதான் சொல்லும்."

ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும் பருவமே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. 'ஆலிவ் ரிட்லி' என்பதில் தமிழ்க் கடலின் நாள்காட்டி இல்லை. ஓங்கில் என்று மீனவர் அழைப்பதை நம் தொலைக்காட்சி டால்பின் என்கிறது. ஆங்கிலச் சொல் வருவதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளூர்ச் சொல் இல்லை என்று நம்பியே எழுதுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

அவள் சொன்ன 'ஆயா சொல்லும்' என்பதையும் கவனியுங்கள். ஆயா சொல்லும், அம்மா வந்துச்சு என்பது எங்கள் வடசென்னைப் பேச்சு. இலக்கணம் இதை அஃறிணை முடிவு என்று திருத்தும். எங்களுக்கு அது நெருக்கம். மரியாதை விகுதி போட்டால் ஆயா தள்ளிப் போய்விடுவாள். ஆமையையும் ஆயாவையும் ஒரே வினைமுற்றில் வைத்துப் பேசுகிற ஒரு மொழி நம்மிடம் இருக்கிறது. விலங்கை மனிதராக உயர்த்துவதும் பெண்ணை விலங்காகத் தாழ்த்துவதும் அதில் இல்லை.

இந்த விடுபடலுக்கு ஒரு விலை உண்டு. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருளை எண்ணும்போது விலங்கையும் மரத்தையும் பறவையையும் தொழிலோடு சேர்த்தே எண்ணுகிறது. தொலைக்காட்சி இயற்கையில் தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, புகைபோக்கிகளுக்கும் சாம்பல் குட்டைகளுக்கும் நடுவே கிடக்கும் எண்ணூர்க் கழிமுகம் இயற்கையாகவே தெரிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெயோடு நின்றன. மீனவர்கள் அதை வாளியில் அள்ளினார்கள். நிவாரணம் படகுக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. இடுப்பளவு நீரில் கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்குப் படகில்லை. குடும்பம் என்ற சொல்லுக்குள் அவள் தொழில் தெரிவதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் அது. இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். எங்கோ பசிபிக் கரையில் ஆமை விடும் 'கண்ணீருக்கு' உருகிய நாம், இதை ஒருநாள் செய்தியாகக் கடந்துபோனோம்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. கடல் பற்றிய படத்தைத் தமிழாக்குகிறவர்கள் ஒரு நாள் காசிமேட்டிலோ எண்ணூரிலோ பெண்களோடு உட்கார்ந்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டட்டும். "இது என்ன, என்ன செய்யுது?" என்று கேட்கட்டும். உதட்டசைவின் தடை இல்லாத இடத்தில் அவர்களின் சொற்கள் தாராளமாகப் பொருந்தும்.

அந்த மாணவியின் ஆயா நடுநிசியில் எழுந்து, பேத்திக்குச் சோறு மூடிவைத்துவிட்டு, மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிறவர். ஆமை கடலுக்குத் திரும்பும் கடைசிக் காட்சிக்கு அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முட்டை வெச்சாச்சு. மண்ணு மூடியாச்சு. இனிமே அதுக்குக் கடல்ல வேலை இருக்கு. கிளம்பிடுச்சு."