பின்னட்டையில் நம் கடை: மாணவர் சஞ்சிகைகளை வாசிப்பது பற்றி

கல்லூரிச் சஞ்சிகைகளின் வரலாற்றை எழுத வருபவர்கள் நம்மிடையே பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். பின்னாளில் பேர் பெற்ற யார் யார் அதில் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அதோடு வேலை முடிந்தது. எனக்கு இந்த முறையில் உடன்பாடு இல்லை. மாணவர் சஞ்சிகை நாளைய எழுத்தாளனுக்கான நாற்றுமேடை மட்டுமல்ல. அந்த வருஷத்தில் யாருக்குப் பக்கம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சாட்சியத்தைப் பேராதனையிலிருந்து பார்க்கலாம். நோர்வூட்டில் இருப்பவனுக்குப் பேராதனை தூரமில்லை. ஹட்டனுக்கு ஏறும் ரயில் அந்தச் சந்தியைத் தாண்டித்தான் வருகிறது.

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அங்குள்ள தமிழ்ச் சங்கம் வெளியிட்டது ‘இளங்கதிர்’. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களை மேடையேற்றியதும் இதே சங்கம்தான். 1960களின் முற்பகுதியில் மாணவர்கள் சிறுகதைத் தொகுதிகளிலும் இறங்கினார்கள். ‘கதைப் பூங்கா’, ‘விண்ணும் மண்ணும்’, ‘காலத்தின் குரல்கள்’ என்று அவை அடுத்தடுத்து வந்தன. செங்கை ஆழியான், செம்பியன் செல்வன், செ. யோகநாதன் எல்லாரும் அக்காலத்துப் பேராதனை மாணவர்கள். ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் இத்தொகுதிகளுக்கு இடமுண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. படிக்கிற வயசில், கைக்காசு போட்டு, பரீட்சைக்கு நடுவில் புத்தகம் போடுவது லேசான காரியமா?

ஆனால் அந்த வளாகத்தைச் சுற்றியிருந்த மலைகளைப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவதே பெரும்பாடு. அவர்களில் ஒருவர் பல்கலைக்கழகம் வருவது அரிதிலும் அரிது. ஆகவே மலையகச் சிறுகதைக்கு வாசலைத் திறந்துவிட்டவை வளாகச் சஞ்சிகைகள் அல்ல, பத்திரிகைகள். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் தினகரனில் வந்தது. மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கமும் வீரகேசரியும் நடத்திய போட்டிகளின் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ ஆயின. தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகள் வழியாக மேலே வந்தவர். பேராதனையில் மாணவர்கள் கதைத் தொகுதிகள் போட்டுக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், சற்று மேலே இருந்த லயத்துப் பையன் தபாலில் கதை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்காகக் காத்திருந்தான். ஒரே தமிழ், ஆனால் பாதை வேறு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வளாகச் சஞ்சிகையின் எல்லையை வளாகத்தின் அனுமதிப் பட்டியலே போட்டுவிட்டது என்கிறேன்.

இனி நம்மவர்கள் கதைக்கு வருவோம். பேராதனை முஸ்லிம் மஜ்லிஸ் தனக்கென்று ‘அல்-இன்ஷிராஹ்’ என்ற மலரை வெளியிட்டது. நெஞ்சம் விரிவடைவதைச் சொல்லும் சூறாவின் பெயர், நல்ல பெயர். தனி மலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முஸ்லிம் மாணவர், அதிலும் மாணவியர், தங்கள் வீட்டுப் பேச்சோடும் மார்க்கச் சொற்களோடும் அடிக்குறிப்பில்லாமல் எழுத ஓர் இடம் வேண்டித்தான் இருந்தது. ‘உம்மா’, ‘வாப்பா’ என்று எழுதிவிட்டு விளக்கம் கொடுக்கத் தேவையில்லாத பக்கம் அது. அந்தப் பயனைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இழப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலானந்தரின் தூண்டுதலால்தான் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வில் இறங்கினார் ம.மு. உவைஸ். 1953இல் நூலான அந்த ஆய்வு பொது வகுப்பறையில் விளைந்தது. ஒரே துறையில் இப்படி ஒன்று கூடியிருந்ததை, வாசகர் பரப்பில் இரண்டு சங்கமும் இரண்டு மலரும் பிரித்துவிட்டன. இவர் மலரை அவர் வாசிப்பதில்லை, அவர் மலரை இவர் வாசிப்பதில்லை. விமர்சனமும் வராமல் போயிற்று. நமக்குள் நாமே பாராட்டிக்கொண்டால் கவிதை எப்படி வளரும்?

இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவன் மலையக முஸ்லிம். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா கடைத்தெருக்களில் அக்குறணையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. தமிழகத்திலிருந்து வந்த ராவுத்தர் வழியினரும் உண்டு. மலையகக் கதையில் இவர்கள் வந்தால் ‘கடை நானா’ என்றுதான் வருவார்கள். கணக்குக் கொப்பியோடு, சம்பள நாளில் கடனை வாங்குகிறவராக. பொய் என்று சொல்ல முடியாது. கொப்பி இருந்தது, கடனும் இருந்தது. ஆனால் அந்த நானாவின் மகள் தோட்டத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படித்ததை எழுதிய கதைகள் எத்தனை? முஸ்லிம் இலக்கியம் என்று சொன்னால் நாமும் உடனே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போய்விடுகிறோம். மலை நமக்கு ஞாபகம் வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கத்துப் பாடசாலை மலர் எதை எடுத்தாலும் பின்னட்டையில் நம் கடை இருக்கும். புடவைக் கடை, ஹாட்வெயார், ஹோட்டல். ‘நல்வாழ்த்துக்களுடன்’ என்று ஒரு வரி. அச்சுக்கூலியின் பெரும்பங்கு அந்த விளம்பரங்களால்தான் தேறும். உள்ளே அதிபரின் ஆசிச் செய்தி, கல்விப் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தி, செயலாளர் அறிக்கை. இதெல்லாம் போக மிஞ்சிய இடத்தில்தான் பிள்ளைகளின் கவிதை. அந்தக் கவிதைகளும் தாய், மழை, புத்தகம் என்று ஆசிரியர் கொடுத்த தலைப்பிலேயே நின்றுவிடும். இதழாசிரியர் என்று ஒரு மாணவரின் பெயர் இருக்கும். பிழை திருத்தியது, தெரிவு செய்தது எல்லாம் ஆசிரியர். மாணவர் நடத்தும் சஞ்சிகைக்கும் மாணவர் பெயரில் நடக்கும் சஞ்சிகைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

இதற்கு மாறாக வந்தவை ‘தீர்த்தக்கரை’யும் ‘நந்தலாலா’வும். அவை கல்லூரிச் சஞ்சிகைகள் அல்ல, மலையகத்துச் சிற்றிதழ்கள். ஆசிச் செய்தி கேட்காமல் ஒரு சஞ்சிகை நடத்தலாம் என்பதை இந்தப் பகுதி இளைஞர்களுக்குக் காட்டியவை. நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி அங்கே இருக்கிறது. ஒரே ஆண்டில், ஒரே பாடசாலையில், நானாவின் மகளும் கங்காணியின் பேரனும் சேர்ந்து தெரிவு செய்கிற இருபது பக்கம் போதும்; கொம்பியூட்டரில் அடித்துப் போட்டோகொப்பி எடுத்தாலும் சரி.

பழையவற்றைச் சேர்க்கும் வேலையும் காத்திருக்கிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை இணையத்தில் ஏற்றி வருகிறது. அங்கே சேர வேண்டியவை இன்னும் நம் வீட்டு அலுமாரிகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிடாமல் கொடுங்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த வருஷம் யார் கடை வைத்திருந்தார்கள் என்பதற்கு 1958, 1977, 1983 என்று எரிந்த கடைவீதிகளில் வேறு எழுத்துச் சான்று பல இடங்களில் மிஞ்சவில்லை.