உடன்போக்கும் ‘காதல்’ திரைப்படமும்

இளம்பருவத்துக் காதலை உருக்கமாகக் காட்டும் திரைப்படங்களைக் கற்றோர் இகழ்வது வழக்கம். ஆயினும், இகழ்வோரும் படமாளிகையின் இருளிற் கண்களைத் துடைத்துக்கொள்வதுண்டு. அக்கண்ணீர் மலிவானது என்று ஒதுக்குதல் எளிது. அஃது எங்ஙனம் வரவழைக்கப்படுகின்றது என ஆராய்தலே திறனாய்வாளர் கடன். பாலாஜி சக்திவேல் இயக்கி 2004 டிசெம்பரில் வெளிவந்த ‘காதல்’ அத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற படமாகும். பெரும் பொருட்செலவிற் படமெடுப்பதிற் பேர்பெற்ற ஷங்கர் இதனைத் தயாரித்தார். படத்திலோ ஆடம்பரம் சிறிதுமில்லை.

மதுரையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறையில் உழைக்கும் முருகனும், செல்வர் வீட்டுப் பள்ளி மாணவியான ஐசுவரியாவும் காதல் கொள்கின்றனர். சாதியும் செல்வமும் குறுக்கே நிற்க, இருவரும் சென்னைக்கு ஓடுகின்றனர். ஆங்கு நண்பன் ஸ்டீபனும், ஆடவர் மட்டுமே தங்கும் விடுதியில் உள்ளோரும் துணைநின்று திருமணம் முடித்து வைக்கின்றனர். இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இது பத்தோடு பதினொன்றாகியிருக்கும். 1981 இல் வந்த பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ ஏறத்தாழ அவ்விடத்திலேதான் முடிகின்றது. பூணூலையும் சிலுவையையும் களைந்தெறிந்து விச்சுவும் மேரியும் புறப்படுகையில் அவையோர் நிறைவுறுகின்றனர். மறுநாள் அவர்கள் எங்கு உறங்குவர், எதனை உண்பர் என்ற வினா எழுவதில்லை. எழாதிருப்பதே அப்படத்தின் இனிமை. ‘காதல்’ அந்த மறுநாளிலே தொடங்குகின்றது எனலாம். மணந்த இருவர்க்கும் ஓர் அறை தேடி ஸ்டீபன் அலையும் காட்சிகள் எத்தனையோ காதற் பாட்டுக்களினும் உண்மையானவை.

உடன்போக்கு நம் அகப்பொருள் மரபிற்குப் புதிதன்று. ஆயின் அம்மரபிலே காதலர்க்கு ஒரு காப்பு இருந்தது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் அறத்தொடு நிற்பர். இளையோர் மறைத்ததை முதியோர் செவியில் இதமாகச் சேர்க்கும் ஏணி அது. தலைவனுடன் சென்றுவிட்ட மகளைச் செவிலி தேடிச் செல்கையிலும், எதிர்ப்பட்டோர் அவளைத் தேற்றி, அப்பெண் செய்தது அறமே எனக் கூறித் திருப்பி அனுப்புவதைக் கலித்தொகை காட்டுகின்றது. ‘காதல்’ படத்தில் வீட்டினுள்ளே அறத்தொடு நிற்பார் ஒருவருமில்லை. பட்டறையிலும் விடுதியிலும் தோழமை உண்டு, இல்லத்தில் இல்லை. ஏணியின் மேற்படிகள் முறிந்துள்ளன. தேடி வருபவரும் செவிலியல்லர், சிறிய தந்தையார். அவர் வைதாரில்லை, கை ஓங்கினாரில்லை; அன்பு மொழி பேசி இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்கின்றார். படத்தில் அச்சம் மிகுந்த பகுதி அந்த இன்சொல்லேயாகும். வழி முடிவிலே உறவினர் காத்திருக்கின்றனர்; முருகன் அடித்து நொறுக்கப்படுகின்றான்; அவனுயிர் காக்க அவள் தாலியைக் களைகின்றாள்.

ஆண்டுகள் சில கழிந்தபின், வேறொருவர்க்கு மனைவியாகித் தாயுமான ஐசுவரியா, வீதிச் சந்தியிலே பித்தனாகத் திரியும் முருகனைக் காண்கின்றாள். படமாளிகை முழுதும் விம்முவது இங்கேதான். அழுகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன் நான்கு: பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல். நான்கும் அழுக்கேறிய அவ்வோர் உருவத்தில் ஒருங்கே குவிகின்றன. புதுமுகமாக வந்த சந்தியா அக்காட்சியிற் கதறுவது நடிப்பென்றே தோன்றுவதில்லை. முன்பாதியில் முருகனைச் சிரிப்பும் செருக்குமுள்ள தொழிலாளியாக நாம் நெருங்கி அறிந்திராவிடின், பரத்தின் வேடம் இத்துணை தைத்திராது. ஆதலின் இக்கண்ணீர் மலிவானதன்று. படம் அதனை உழைத்தே ஈட்டியுள்ளது.

ஆயினும் அக்கண்ணீர் சென்று சேருமிடம் பற்றி ஐயமுண்டு. உண்மையறிந்த கணவன் சினவாது, முருகனைப் பேணுதற்கு முன்வருகின்றான். கதை மெய்யாக நிகழ்ந்ததொன்றைத் தழுவியது என்ற அறிவிப்பும் இறுதியில் வருகின்றது. கணவனின் பெருந்தன்மை போற்றற்குரியதே. ஆனால் அப்பெருந்தன்மை அவையோர் நெஞ்சை நிறைத்துவிட, அடித்தவர்மீது எழுந்த வெகுளி ஆறிவிடுகின்றது. அழுகை தன்னோடு பிறந்த வெகுளியைத் தின்றுவிடுகின்றது போலும். இளையோர் இருவரின் வாழ்வைச் சிதைத்தோர் தண்டனையுமின்றி, நாணமுமின்றித் திரையினின்று நழுவிவிடுகின்றனர். அறம் நிற்கவேண்டிய இடத்தில் அருள் வந்து நிற்கின்றது; நாமும் அதனைக் கண்டு ஆறுதலுற்று எழுகின்றோம். படமாளிகையை விட்டு வெளிவருவோரின் பேச்சு அக்கணவனைப் பற்றியதாகவே இருக்கும். சிறிய தந்தையார் என்னவானார் என்று வினவுவோர் அரியர்.