கோளாறு வால்வில் இல்லை

கூஸ்தோவின் 'தி சைலன்ட் வேர்ல்ட்' (1953) என்றதும் எல்லாரும் சுறாவையும் மூழ்கிய கப்பல்களையும்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஆரம்பத்தில் வரும் ஒரு ரிப்பேர் கதை.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் விடும் ரெகுலேட்டரை 1943 தொடக்கத்தில், பாரிஸ் பக்கம் மார்ன் ஆற்றில் சோதிக்கிறார்கள். படுத்து நீந்தினால் மூச்சு ஒழுங்காக வருகிறது. நிமிர்ந்தால் காற்று சும்மா கொட்டுகிறது. தலைகீழானால் இழுக்கவே கஷ்டம்.

நானாக இருந்தால் முதலில் வாஷரை மாற்றியிருப்பேன். ஆனால் வால்வில் கோளாறே இல்லை. நிமிர்ந்து நிற்கும்போது காற்று வெளியேறும் துளை, உள்ளே வரும் துளையைவிட ஆறு அங்குலம் உயரத்தில் இருந்தது. மேலே தண்ணீர் அழுத்தம் குறைவு, காற்று அந்தப் பக்கம் ஓடிவிட்டது. 15 செ.மீ. தண்ணீர் என்பது ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 1.5 சதவீதம்தான். அதுவே போதுமாக இருந்திருக்கிறது! இரண்டு துளையையும் பக்கத்தில் வைத்துப் பூட்டியதும் சரியாகிவிட்டது.

என் குறை இதுதான்: நூல் இதை வீடு திரும்பும் வழியில் தோன்றிய யோசனையாகச் சொல்லி, சட்டென்று கடலுக்குப் போய்விடுகிறது. வால்வை வடிவமைத்த பொறியாளர் எமில் கானியான் அதை எப்படிப் பிரித்தார், எப்படி மறுபடி சேர்த்தார் என்ற விவரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏனென்றால் அந்த இயற்பியல் இன்னும் மாறவில்லை. இன்றைய ரெகுலேட்டரையும் வாய்ப்பகுதி மேலே பார்க்கத் தண்ணீரில் விட்டால் காற்று பீறிடலாம். முதலில் கீழே திருப்பிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஸ்பேனரை எடுக்க அவசரப்பட வேண்டாம்.